செக்டிஸ்க் மீட்ட ஃபைல்களைத் தேடி எடுப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குமுளி, வண்டிப்பெரியாறு, கம்பம், போடி என்று மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் மழைக்காலத்தில் ஒருமுறையாவது கேட்கும் கேள்விகள் இவை. ஆனி மழையில் கரண்டு போய்ப் போய் வரும். ஐப்பசியில், மலையாளத்தார் துலாவர்ஷம் என்று சொல்லும் மழையில், மத்தியானத்துக்கு மேல் இடி இறங்கும். சிஸ்டம் பாதியில் அணைகிறது. மறுபடி போட்டால் கறுப்புத் திரையில் விழுக்காடு ஓடுகிறது. அது முடிந்த பிறகு பார்த்தால் பெண்டிரைவில் இருந்த ஃபோல்டரைக் காணோம்.

கட்டளைகளையும் ஃபைல் பெயர்களையும் ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். செக்டிஸ்க் என்பது டிஸ்க்கைச் சோதித்துப் பழுது பார்க்கும் விண்டோஸின் சொந்தக் கருவி. அதற்கு சி-எச்-கே-டி-எஸ்-கே என்று தட்ட வேண்டும்.

நான் செக்டிஸ்க் எதுவும் ஓட்டவில்லையே?

ஓட்டியிருப்பீர்கள். பெண்டிரைவைச் செருகியதும் "இந்த டிரைவில் சிக்கல் இருக்கிறது, ஸ்கேன் செய்து சரிசெய்யலாமா" என்று விண்டோஸ் கேட்கும். அதில் சரி கொடுத்தாலும் அதே வேலைதான் நடக்கிறது. சிஸ்டம் எழும்போது தானாக ஓடுவதும் அதுதான்.

ஓடி முடிந்தது. மீட்ட ஃபைல்கள் எங்கே?

எந்த டிரைவைச் சோதித்ததோ அதே டிரைவின் முதல் மட்டத்தில், ஃபவுண்ட்.000 என்ற ஃபோல்டரில். இ டிரைவைச் சோதித்திருந்தால் இ-யில்தான் இருக்கும், சி-யில் தேடிப் பயனில்லை. அடுத்த முறை ஓடும்போது பழைய ஃபோல்டர் இருந்தால் ஃபவுண்ட்.001 என்று புதிதாக உண்டாகும். மூன்று நான்கு ஃபவுண்ட் ஃபோல்டர் வரிசையாக நிற்கிற டிரைவை இனி நம்ப வேண்டாம். அது ஏன் என்று கடைசிக் கேள்வியில் சொல்கிறோம்.

அப்படி ஒரு ஃபோல்டரே தெரியவில்லை.

அதை விண்டோஸ் இரண்டு பூட்டுப் போட்டு மறைத்து வைக்கிறது: மறைவான ஃபோல்டர் என்பது ஒன்று, சிஸ்டம் ஃபோல்டர் என்பது மற்றொன்று. பலர் முதல் பூட்டை மட்டும் திறந்துவிட்டு "ஒன்றுமே இல்லை" என்று முடிவுகட்டி விடுகிறார்கள்.

ஃபைல் எக்ஸ்புளோரரில் வியூ மெனுவுக்குள் ஆப்ஷன்ஸ் போங்கள். விண்டோஸ் 11 என்றால் மேலே உள்ள மூன்று புள்ளிக்குள் ஆப்ஷன்ஸ் இருக்கும். அங்கே வியூ தாவலில் "ஷோ ஹிட்டன் ஃபைல்ஸ்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதற்குச் சற்றுக் கீழே "ஹைடு புரொடெக்டட் ஆபரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்" என்பதில் உள்ள டிக்கை எடுங்கள். எச்சரிக்கை வரும், எஸ் கொடுங்கள். வேலை முடிந்ததும் அந்த டிக்கை மறுபடி போட்டுவிடுங்கள். இல்லையென்றால் வீட்டில் யாராவது விண்டோஸின் சொந்த ஃபைலைக் குப்பை என்று நினைத்து அழிப்பார்கள்.

கட்டளைகளைத் தட்டும் கறுப்புத் திரையான கமாண்ட் பிராம்ப்ட் பழக்கம் இருந்தால் இன்னும் சுருக்கம்: டிஐஆர் இ:\ /ஏ என்று தட்டினால் மறைந்தவை உட்பட எல்லாம் பட்டியலில் வரும்.

ஃபோல்டர் தெரிகிறது, திறந்தால் அனுமதி இல்லை என்கிறது.

என்டிஎஃப்எஸ் (ஹார்ட் டிஸ்க்கில் விண்டோஸ் ஃபைல்களை அடுக்கும் முறை) டிரைவில் மட்டும் இப்படி வரும், ஏனென்றால் அந்த ஃபோல்டரைச் செய்தது நீங்கள் அல்ல, சிஸ்டம். ஃபோல்டர் மேல் ரைட் கிளிக், பிராபர்ட்டீஸ், செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு. மேலே ஓனர் என்று இருக்கும் இடத்தில் சேஞ்ச் கொடுத்து உங்கள் பயனர் பெயரைப் போடுங்கள். அதற்குக் கீழே "சப்கண்டெய்னர்ஸ்" என்று தொடங்கும் பெட்டியில் டிக் போட மறந்தால் மேல் ஃபோல்டர் மட்டும் திறக்கும், உள்ளே இருப்பவை திறக்காது. பிறகு உங்கள் பெயருக்கு ஃபுல் கண்ட்ரோல் கொடுங்கள்.

உள்ளே எல்லாம் ஃபைல்0000.சிஎச்கே, ஃபைல்0001.சிஎச்கே என்று இருக்கிறது. பெயரெல்லாம் எங்கே போனது?

ஏலக்காய்க் கிடங்கில் ஒவ்வொரு மூட்டையிலும் ஒரு சீட்டுக் கட்டியிருக்கும்: யாருடைய சரக்கு, எத்தனை கிலோ, என்ன தரம். சீட்டு அறுந்து விழுந்தால் மூட்டை காணாமல் போவதில்லை. யாருடையது என்பதுதான் தெரியாது. டிஸ்க்கிலும் பெயரும் தேதியும் ஓர் இடத்தில், சரக்கு வேறோர் இடத்தில். கரண்டு போன நொடியில் பெயர்ப் பட்டியல் பாதி எழுதப்பட்ட நிலையில் நின்றுவிட்டால், "இந்த இடம் பயன்பாட்டில் இருக்கிறது" என்ற குறிப்பு மிஞ்சும், யாருடையது என்பது மிஞ்சாது. செக்டிஸ்க் அந்த அநாதை மூட்டைகளுக்கு வரிசை எண் போட்டு ஓரமாக அடுக்குகிறது. விண்டோஸ் பதிப்பைப் பொறுத்து எண் நாலு இலக்கமாகவோ எட்டு இலக்கமாகவோ இருக்கும்.

பெண்டிரைவிலும் பழைய மெமரி கார்டிலும் உள்ள ஃபேட்32 என்ற அடுக்கு முறையில் இது அதிகம். ஹார்ட் டிஸ்க்கில் உள்ள என்டிஎஃப்எஸ் பரவாயில்லை. அதில் ஒவ்வொரு ஃபைலின் பதிவிலும் அதன் பெயரும் எந்த ஃபோல்டரைச் சேர்ந்தது என்பதும் இருக்கும். அதனால் செக்டிஸ்க் முதலில் பழைய இடத்திலேயே கொண்டுபோய் வைக்கப் பார்க்கும். பழைய ஃபோல்டரே இல்லை என்றால்தான் ஃபவுண்ட்.000-க்கு வரும். அங்கேயும் டிஐஆர்0000.சிஎச்கே என்று ஃபோல்டராக வந்திருந்தால் முதலில் அதைத் திறங்கள். மேல் ஃபோல்டரின் பெயர்தான் போயிருக்கும், உள்ளே உங்கள் ஃபைல்கள் சொந்தப் பெயரோடு இருக்கும்.

எது எங்கே போனது என்று பதிவு ஏதும் இருக்கிறதா?

இருக்கிறது, யாரும் பார்ப்பதில்லை. ஈவென்ட் வியூவரைத் திறந்து விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் அப்ளிகேஷன். சிஸ்டம் எழும்போது ஓடியது என்றால் சோர்ஸ் வினினிட், எண் 1001. நீங்கள் கையால் ஓட்டியது என்றால் சோர்ஸ் செக்டிஸ்க் என்றே இருக்கும். அந்த அறிக்கையில் "ரெக்கவரிங் ஆர்ஃபன்ட் ஃபைல்" என்று தொடங்கும் வரிகளில் ஃபைலின் பெயர் இருக்கும். அந்தப் பெயரை எடுத்து டிரைவில் தேடினால், ஃபவுண்ட்.000-ஐத் தொடாமலே பாதி வேலை முடியலாம்.

நான் தவறி அழித்த ஃபைலும் இதில் வருமா?

வராது. அழிக்கும்போது "இந்த இடம் காலி" என்றே குறிக்கப்படுகிறது. செக்டிஸ்க் தேடுவது காலி என்று குறிக்கப்படாத அநாதைகளை மட்டும். அழித்ததை மீட்க வேறு மென்பொருள் வேண்டும்.

முதலில் என்ன செய்ய வேண்டும்?

ஃபவுண்ட்.000 முழுவதையும் வேறொரு டிஸ்க்குக்கு நகல் எடுங்கள். பெயர் மாற்றுவது, திறந்து பார்ப்பது, பழுது பார்ப்பது எல்லாம் அந்த நகலில்தான். மூல டிரைவில் புதிதாக எதையும் எழுதாதீர்கள். தேடும் மென்பொருளைக்கூட அதில் இறக்காதீர்கள்.

எது படம், எது கணக்கு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பெயர் பொய் சொல்லும், பொருள் பொய் சொல்லாது. அநேகமாக ஒவ்வொரு வகை ஃபைலும் முதல் சில எழுத்துகளிலேயே தன்னை அடையாளம் காட்டும்.

ஒரு 32 ஜிபி பெண்டிரைவை எடுத்துக்கொள்வோம். ஃபவுண்ட்.000-இல் ஐம்பது சிஎச்கே ஃபைல்கள். முதலில் அளவு வாரியாக அடுக்குங்கள். எல்லா அளவுமே 16 கேபியின் மடங்காக இருப்பதைப் பார்ப்பீர்கள். அந்த அளவு ஃபேட்32 டிரைவில் விண்டோஸ் இடத்தை 16 கேபி கட்டங்களாகப் பிரிக்கிறது. உண்மையான அளவு பெயர்ப் பட்டியலோடு போய்விட்டதால், செக்டிஸ்க் கடைசிக் கட்டம் முழுவதையும் சேர்த்தே கொடுக்கிறது. ஆகவே ஒவ்வொரு ஃபைலின் வாலிலும் கொஞ்சம் குப்பை ஒட்டியிருக்கும். படத்துக்கு அது கெடுதல் செய்யாது.

3 முதல் 5 எம்பி வரை உள்ளவை பெரும்பாலும் போனில் எடுத்த படங்கள். நூற்றுக்கணக்கான எம்பி என்றால் வீடியோ. 100, 200 கேபி அளவில் இருப்பவை ஸ்கேன் செய்த ரசீது, ஏல மையத்துச் சீட்டு, பட்டா நகல் மாதிரி. இவற்றைத்தான் பொறுமையாகப் பார்க்க வேண்டும். சரியாக 16 கேபி மட்டும் இருப்பவை பெரும்பாலும் துண்டு. ஆனால் அவற்றையும் ஒருமுறை திறந்து பாருங்கள். சில சமயம் அது தொலைந்துபோன ஃபோல்டரின் பெயர்ப் பட்டியலாகவே இருக்கும். முதலில் ஒரு புள்ளி, அடுத்து இரண்டு புள்ளி, அதன்பின் எட்டு எழுத்துக்குள் சுருக்கிய ஃபைல் பெயர்கள். என்னென்ன தொலைந்தது என்று தெரிந்துகொள்ள அதைவிட நல்ல சான்று இல்லை.

இனி ஒரு ஃபைலை நோட்பேடில் திறங்கள். பெரிய ஃபைல் என்றால் நோட்பேடு திணறும், எச்எக்ஸ்டி என்ற இலவச மென்பொருளில் திறங்கள். முதல் வரியை மட்டும் பார்த்தால் போதும். ஜேஎஃப்ஐஎஃப் அல்லது எக்ஸிஃப் என்று தெரிந்தால் ஜேபெக் படம். சதவீதக் குறியும் உடனே பிடிஎஃப் என்ற எழுத்தும் இருந்தால் பிடிஎஃப். இரண்டாவது எழுத்திலிருந்து பிஎன்ஜி என்றால் பிஎன்ஜி படம். ஐடி3 என்று தொடங்கினால் எம்பி3 பாட்டு. தொடக்கத்தை ஒட்டி எஃப்டிஒய்பி என்று இருந்தால் பெரும்பாலும் எம்பி4 வீடியோ. 8பிபிஎஸ் என்றால் ஃபோட்டோஷாப். ஆர்ஐஎஃப்எஃப் என்றால் ஏவிஐ, வேவ், பழைய கோரல் டிரா போன்றவற்றில் ஒன்று. சற்றுத் தள்ளி சிடிஆர் என்று இருந்தால் கோரல், ஃபிளெக்ஸ் அடிக்கும் கடைக்காரர்கள் இதைக் கவனியுங்கள்.

பிகே என்று தொடங்கினால் ஜிப். இங்கே நின்று பாருங்கள்: புதிய வேர்ட், எக்செல், பவர்பாயிண்ட், புதிய கோரல் எல்லாமே உள்ளுக்குள் ஜிப்தான். வேர்ட் என்ற சொல்லும் சாய்கோடும் உள்ளே தென்பட்டால் டாக்எக்ஸ், எக்ஸ்எல்லும் சாய்கோடும் என்றால் எக்செல்.

ஐம்பது ஃபைலையும் ஒவ்வொன்றாகப் பெயர் மாற்ற வேண்டுமா?

வேண்டியதில்லை. டிரிட் என்ற இலவச மென்பொருள் உள்ளடக்கத்தைப் பார்த்து, பெயரின் கடைசியில் வரும் .ஜேபிஜி போன்ற சரியான நீட்சியைத் தானே ஒட்டும். டிஆர்ஐடி, இடைவெளி, ஃபைல்களின் பெயர், இடைவெளி, -ஏஇ என்று தட்ட வேண்டும். எல்லாமே படம்தான் என்று உறுதியாகத் தெரிந்தால், அந்த ஃபோல்டருக்குள் நின்று ஆர்இஎன் *.சிஎச்கே *.ஜேபிஜி என்று தட்டினாலே போதும். வகை கலந்து கிடக்கும்போது இதைச் செய்யாதீர்கள். பிறகு பிடிஎஃப்பும் ஜேபிஜி என்று நிற்கும், படம் கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்துவிடுவீர்கள்.

கல்யாண ஆல்பம் செய்பவர்களுக்கு எக்ஸிஃப்டூல் பெரிய உதவி. படம் எடுத்த தேதியும் நேரமும் படத்துக்குள்ளேயே இருப்பதால், அதை வைத்தே எல்லாவற்றுக்கும் பெயர் வைத்துவிடும். முகூர்த்தம் முதல் பந்தி வரை வரிசை மறுபடி வந்துவிடும்.

படம் திறக்கிறது, ஆனால் பாதிக்குக் கீழே சாம்பல் நிறம்.

அந்தப் படம் டிஸ்க்கில் இரண்டு மூன்று துண்டாக எழுதப்பட்டிருந்தது, முதல் துண்டு மட்டும் இதில் இருக்கிறது. அடுத்த துண்டு வேறொரு சிஎச்கே ஃபைலாக, அடையாளம் இல்லாமல், அதே ஃபோல்டரில் கிடக்கலாம். கமாண்ட் பிராம்ப்டில் காப்பி /பி என்று போட்டு இரண்டையும் கூட்டல் குறியால் சேர்த்துப் பார்க்கலாம். பத்தில் ஒன்று பொருந்தினால் அதிர்ஷ்டம். அந்தப் படம் அவ்வளவு முக்கியம் என்றால் செய்யுங்கள்.

வீடியோ திறக்காததற்குக் காரணம் வேறு. எம்பி4-இல் எந்தக் காட்சி எங்கே இருக்கிறது என்ற அட்டவணையைப் பல கேமராக்கள் பதிவு முடியும்போதுதான் எழுதும். பதிவின் நடுவே பேட்டரி போயிருந்தால் அந்த அட்டவணையே இருக்காது. அன்டிரங்க் என்ற இலவச மென்பொருள், அதே கேமராவில் அதே அமைப்பில் எடுத்த நல்ல வீடியோ ஒன்றை மாதிரியாகக் கொடுத்தால், அட்டவணையைத் திரும்பக் கட்டப் பார்க்கும்.

எக்செல் "ஃபைல் கெட்டுவிட்டது" என்கிறது.

பெரும்பாலும் வாலில் ஒட்டிய குப்பைதான் காரணம். எக்செலில் ஓப்பன் பொத்தானுக்குப் பக்கத்து அம்புக்குறியில் ஓப்பன் அண்ட் ரிப்பேர் கொடுங்கள். அதுவும் முடியாவிட்டால் 7-ஜிப்பில் திறந்து எக்ஸ்எல் ஃபோல்டருக்குள் பாருங்கள். தாள்கள் எக்ஸ்எம்எல் வடிவில் இருக்கும், எண்களையாவது எடுத்துவிடலாம்.

டேலி கணக்கு போய்விட்டது. அது கிடைக்குமா?

ஏலக்காய், மிளகு வியாபாரிகள் அதிகம் கவலைப்படுவது இதற்குத்தான். டேலியின் ஒரு கம்பெனி என்பது ஒரே ஃபைல் அல்ல. 10000, 10001 என்பது போல எண்ணிட்ட ஃபோல்டரும், ஈஆர்பி 9 என்றால் அதற்குள் .900 என்று முடியும் பல ஃபைல்களும் சேர்ந்தது. ஃபோல்டராக, அதாவது டிஐஆர் என்று தொடங்கும் பெயரில், மீண்டிருந்தால் நம்பிக்கை உண்டு. அதை டேலியின் டேட்டா ஃபோல்டருக்குள் பழைய எண்ணோடு வையுங்கள். ஈஆர்பி 9 என்றால் கம்பெனியைத் தேர்ந்தெடுக்கும் திரையில் கண்ட்ரோல், ஆல்ட், ஆர் மூன்றையும் அழுத்தி ரீரைட் செய்யுங்கள். தனித்தனி சிஎச்கே ஃபைல்களாக வந்திருந்தால் எதை எங்கே வைப்பது என்று தெரியாது, நேரத்தை வீணாக்க வேண்டாம். டிபிகே900.001 என்ற பேக்கப் ஃபைல் எந்தப் பெண்டிரைவிலாவது கிடக்கிறதா என்று வீடு முழுக்கத் தேடுவது அதைவிடப் பலன் தரும்.

டாக்குமென்ட் திறக்கிறது, எழுத்தெல்லாம் கோணல்மாணலாக ஆங்கிலத்தில் இருக்கிறது.

அது கெட்டுப்போகவில்லை, அழித்துவிடாதீர்கள்! அச்சகங்களிலும் டிடிபி கடைகளிலும் பழைய ஃபைல்கள் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் அடித்தவை. மலையாளத்தில் அடித்தவை எம்எல்-டிடி வகையில் இருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறிகளும்தான் தெரியும். எழுத்துருவை நிறுவி, முழுப் பகுதியையும் தேர்ந்தெடுத்து அந்த எழுத்துருவைக் கொடுத்துப் பாருங்கள். எல்லைப் பகுதியில் ஒரே நோட்டீஸில் தமிழும் மலையாளமும் இருக்கும். பாதி சரியாகி மீதி கோணலாக நின்றால் மீதிக்கு மற்ற எழுத்துரு.

பள்ளிக்கூட லேப்டாப்பில் விண்டோஸே இல்லை. அங்கே எங்கே தேடுவது?

கேரளப் பள்ளிகளில் கைட் என்ற அரசு நிறுவனம் கொடுப்பது உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட லினக்ஸ். தமிழ்நாட்டு அரசு மாணவர்களுக்குக் கொடுத்த லேப்டாப்களிலும் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் வந்தது. லினக்ஸில் செக்டிஸ்க்கின் வேலையைச் செய்வது எஃப்எஸ்சிகே. கரண்டு போய் எழுந்ததும் இனிட்ராம்எஃப்எஸ் என்று கறுப்புத் திரையில் நின்றுவிட்டால் அது உங்களைக் கையால் ஓட்டச் சொல்கிறது. அதே திரையில் எந்தப் பகுதி என்ற பெயரும் இருக்கும். எஃப்எஸ்சிகே -ஒய் என்று தட்டி அந்தப் பெயரைக் கொடுங்கள்.

மீட்டவை அந்தப் பகுதியின் முதல் மட்டத்தில் லாஸ்ட்+ஃபவுண்ட் என்ற ஃபோல்டரில் இருக்கும். பெயர் # குறியும் ஓர் எண்ணுமாக இருக்கும். அது ஐநோட் எண், லினக்ஸ் ஒவ்வொரு ஃபைலுக்கும் உள்ளுக்குள் கொடுக்கும் எண். அருகருகே உள்ள எண்கள் பெரும்பாலும் ஒரே ஃபோல்டரில் இருந்த ஃபைல்கள், பிரிக்கும்போது இது உதவும்.

இங்கே பலரும் இடறும் இடம் ஒன்று. அந்த ஃபோல்டர் ரூட்டுக்கு, அதாவது எல்லா அதிகாரமும் உள்ள பயனருக்கு, மட்டும் திறக்கும். ரூட் அதிகாரத்தில் ஓட்டும் சுடோ என்ற கட்டளையைப் போட்டு, பாதையின் கடைசியில் நட்சத்திரம் போட்டால் "அப்படி எதுவும் இல்லை" என்றுதான் வரும், ஏனென்றால் நட்சத்திரத்தை ஃபைல் பெயர்களாக விரிப்பது சுடோ அல்ல, நீங்கள் தட்டும் கட்டளையை வாங்கிக்கொள்ளும் உங்கள் ஷெல். முதலில் சுடோ -ஐ என்று ரூட்டாக மாறி, ஃபோல்டருக்குள் போய், பிறகு ஃபைல் * என்று தட்டுங்கள். ஒவ்வொன்றும் என்ன வகை என்று வரிசையாகச் சொல்லும். தனி ஃபைலைக் குறிப்பிடும்போது பெயரை மேற்கோள் குறிக்குள் போடுங்கள். # என்று தொடங்கும் சொல்லை ஷெல் குறிப்பு என்று எடுத்துக்கொண்டு விட்டுவிடும்.

ஃபவுண்ட்.000 காலியாக இருக்கிறது, அல்லது உண்டாகவே இல்லை.

32 ஜிபிக்கு மேற்பட்ட மெமரி கார்டு என்றால் அது பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் என்ற அடுக்கு முறையில் இருக்கும். அதில் துண்டாகாமல் எழுதிய ஃபைலுக்கு, எந்தக் கட்டத்துக்கு அடுத்து எது என்ற சங்கிலிப் பதிவே கிடையாது. பெயர்ப் பட்டியல் போனால் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று செக்டிஸ்க்குக்குத் தெரிய வழியில்லை. ஃபோட்டோரெக் என்ற மீட்பு மென்பொருளை ஓட்டுங்கள். அது பெயர்ப் பட்டியலையே பார்ப்பதில்லை, மேலே சொன்ன முதல் எழுத்துகளை வைத்து டிஸ்க் முழுக்கத் தேடும். எடுப்பதை வேறு டிஸ்க்கில் சேமிக்கச் சொல்லுங்கள். டிரைவ் "ரா" (அடுக்கு முறை தெரியவில்லை) என்று காட்டினால் செக்டிஸ்க் ஓடவே ஓடாது. ஃபார்மட் செய்யச் சொல்லி விண்டோஸ் கேட்கும், கேன்சல் கொடுத்துவிட்டு டெஸ்ட்டிஸ்க் என்ற மீட்பு மென்பொருளில் பாருங்கள்.

ஹார்ட் டிஸ்க்கில் டிக் டிக் என்று சத்தம். செக்டிஸ்க் /ஆர் போடலாமா?

போடவே கூடாது. உடனே அணையுங்கள். /எஃப் அட்டவணையை மட்டும் சரிசெய்கிறது. /ஆர் டிஸ்க்கின் ஒவ்வொரு மூலையையும் படித்துப் பார்க்கும். உயிர் ஊசலாடும் டிஸ்க்கை மணிக்கணக்கில் ஓடவைத்தால் மிச்சமும் போகும். சத்தம் இல்லை, வேகம்தான் இல்லை என்றால் லினக்ஸில் டிடிரெஸ்க்யூ கொண்டு முழு நகல் எடுத்து, அந்த நகலில் மற்ற வேலையைச் செய்யுங்கள். சத்தம் வந்தால் தரவு மீட்பு நிலையம்தான், நடுவில் யாரும் மூடியைத் திறந்துவிடக் கூடாது.

வெறும் செக்டிஸ்க் இ: என்று, பின்னால் எதுவும் சேர்க்காமல் ஓட்டினால் அது எதையும் மாற்றாது, பார்த்து மட்டும் சொல்லும். முதலில் எப்போதும் அப்படி ஓட்டுங்கள்.

ஃபவுண்ட்.000-ஐ அழித்துவிடலாமா?

நகல் எடுத்து, வேண்டியதைத் திறந்து பார்த்து உறுதி செய்த பிறகு தாராளமாக அழிக்கலாம். விண்டோஸுக்கு அது தேவையில்லை.

மாதம் இரண்டு முறை ஃபவுண்ட் ஃபோல்டர் வருகிறது. பெண்டிரைவ் புதிது, 512 ஜிபி, மலிவாகக் கிடைத்தது.

போலிக் கொள்ளளவாக இருக்கலாம். உள்ளே 8 அல்லது 16 ஜிபி சிப்தான் இருக்கும், 512 என்று கணினியிடம் சொல்லும்படி மாற்றியிருப்பார்கள். உண்மையான இடம் நிறையும் வரை எல்லாம் சரியாக இருக்கும். அதற்கு மேல் எழுதுவது எங்கும் சேராது, அல்லது முன்பு எழுதியதன் மேலேயே விழும். ஃபைல் பெயர் தெரியும், அளவும் தெரியும், திறந்தால் வெறும் பூஜ்யம். இதைச் செக்டிஸ்க்கால் சரிசெய்ய முடியாது.

எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளை ஓட்டிப் பாருங்கள், லினக்ஸ் என்றால் எஃப்3. டிரைவ் முழுக்க எழுதித் திரும்பப் படித்து, உண்மையில் எத்தனை ஜிபி என்று சொல்லும். பெரிய டிரைவுக்கு ஒரு ராத்திரி முழுக்க ஓடும், அதனால் யுபிஎஸ்ஸில் செருகிய கம்ப்யூட்டரில் ஓட்டுங்கள். அதற்கு முன் டிரைவில் இருப்பதை வேறிடத்துக்கு மாற்றிவிட்டு, காலியாக்கிவிட்டுத் தொடங்குங்கள்.